மிலிட்டரி கோட்டைத் துவைக்கும் முன் படியுங்கள்

எங்கள் ஊர் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. யார் எடுத்தது, யாருக்காக, எப்படி என்பதற்கெல்லாம் பதில் பாறையிலேயே இருக்கிறது. பழைய ராணுவ உடுப்புகளும் அப்படித்தான். எங்கே தைத்தது, எந்த வருஷம், யாருக்குக் கொடுத்தது என்பதெல்லாம் உள்பக்கம் மையால் எழுதியிருக்கும். ஒரே வித்தியாசம், கல்வெட்டு 1,400 வருஷம் தாங்கிவிட்டது. ரப்பர் ஸ்டாம்பு மை ரெண்டு சலவைக்குத் தாங்காது.

நம்ம பக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர் இருந்த வீட்டில், பரண்மேல் ஒரு கறுப்பு ட்ரங்குப் பெட்டி இருக்கும். அதைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, கோட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது. அதைத்தான் செய்யக்கூடாது. முதலில் படிக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

காலருக்குக் கீழே, உள்பாக்கெட்டின் துணியில், இடுப்புப் பட்டியின் உள்பக்கம். இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். மை மங்கியிருந்தால் தேய்க்காதீர்கள், ஈரத்துணி வைக்காதீர்கள். போனில் ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறகு ஏதாவது ஒரு எடிட்டரில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சேனலாகப் பிரித்துப் பாருங்கள். காக்கித் துணியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, ஏதாவது ஒரு சேனலில் எழுந்து நிற்கும்.

அம்புக்குறி

கோழிக்கால் மாதிரி மூன்று கோடு ஒரே புள்ளியில் சேரும் அம்பு, அரசாங்கச் சொத்து என்பதற்கான பிரிட்டிஷ் அடையாளம். அம்போடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியா. 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. ரெண்டு 'டி'க்கு நடுவில் என்றால் ஆஸ்திரேலியா. 'யு'வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா.

அம்பு இருக்கிறது என்பதாலேயே அது வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டு ஆகிவிடாது. நம் ராணுவ வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இன்றைக்கும் மேல்நோக்கிய அம்பு இருக்கிறதே! அதனால் அம்பை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

காலம் சொல்லும் சில்லறைச் சாட்சிகள்

ஊர்ப் பெயரின் ஸ்பெல்லிங் நல்ல கடிகாரம். இன்றைய கான்பூரை ஆங்கிலத்தில் 'கான்போர்' என்று பழைய முறையில் எழுதியிருந்தால், அது ஏறக்குறைய 1948-க்கு முந்தையது. லால் இம்லி கம்பளி ஆலை அந்த ஊரில்தான் இருந்தது. ஆவடி என்று இருந்தால் கட்டாயம் இரண்டாம் உலகப்போர் உடுப்பு அல்ல. ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையே 1961-ல்தான் வந்தது. 2021 அக்டோபரில் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போய்விட்டது.

அடுத்தது பொத்தான். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசான 1950-க்குப் பிறகு. கிரீடம் இருந்தால் அதற்கு முன்பு. ஆனால் பொத்தான் அறுந்தால் வேறு தைத்திருப்பார்கள் இல்லையா? அதனால் எல்லாப் பொத்தானும் ஒரே நூலில் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு நூல். தையலின் உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்து, கோட்டை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. உருகி உருண்டையாகத் திரண்டால் செயற்கை இழை. 1942-ல் தைத்ததாகச் சொல்கிற கோட்டின் மூலத் தையலில் பாலியஸ்டர் நூல் இருந்தால், கதை வேறு.

ஆன்லைனில் அமெரிக்க எம்-65 ஜாக்கெட் வாங்குபவர்களுக்கு: லேபிளில் 'டிஎஸ்ஏ 100' என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். அடுத்து வரும் ரெண்டு இலக்கம்தான் ஒப்பந்த வருஷம். 67 என்றால் 1967. அந்த நிறுவனத்தின் பெயர் 1977-ல் 'டிஎல்ஏ' என்று மாறியது. ஒப்பந்த எண்ணே இல்லாமல் கம்பெனிப் பெயர் மட்டும் பெரிதாக இருந்தால், அது பெரும்பாலும் கடைக்காகத் தைத்த நகல்.

பராமரிப்பு

கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளியில் இருக்கும் கெரட்டின்தான் அதற்குச் சாப்பாடு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய இடத்தை முதலில் தின்னும். காலரும் அக்குளும் ஓட்டையாவது அதனால்தான்.

புழு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மருந்து தேவையில்லை. கோட்டைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ரெண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காமல் வெளியே வைக்க வேண்டும். உடனே திறந்தால் ஈரம் துணியின் மேல் படியும்.

அந்துருண்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாப்தலீன் வாசம் ஏறிய கம்பளியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தவே போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள்காமாலையில் கொண்டுவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

வெந்நீரும் வாஷிங் மெஷினும் வேண்டாம். கம்பளி இழையின் மேல் மீன்செதில் மாதிரி அடுக்கு உண்டு. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கோட்டு சுருங்கும், திரும்ப விரியாது. நிழலில் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டினாலே பாதி வேலை முடிந்தது. பித்தளைப் பொத்தானைப் பாலிஷ் போடும்போது பின்னால் ஒரு அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் கறை துணியில் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகரப் பெட்டிக்குள் வியர்க்கும். கோட்டைக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புகளுக்குள் துணிச் சுருள் வைத்து, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். கனமான கோட்டை ஹேங்கரில் வருஷக்கணக்கில் தொங்கவிட்டால் தோள்பட்டை இறங்கிவிடும்.

போட்டுக்கொண்டு போகலாமா?

ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அப்படிப்பட்ட உடை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 2022-ல் அறிமுகமான புதிய போர்ச் சீருடை வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்திருக்கிறது. பேட்ஜ், ரேங்க் உள்ள எதையும் வெளியில் போடாமல் இருப்பதே நல்லது.

அந்த நம்பர்

காலருக்குள் பெயரும் ஒரு எண்ணும் எழுதியிருந்தால், கோட்டிலேயே பெரிய சொத்து அதுதான். அது அவருடைய படை எண்ணாக இருக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகம் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. குடும்ப ஓய்வூதியமோ, இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு தரும் உதவித்தொகையோ கேட்டுப் போகும்போது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேட்பது படை எண்ணைத்தான். டிஸ்சார்ஜ் புத்தகம் கரையான் அரித்துப் போன வீட்டில், அந்த எண் கோட்டில் மட்டும் மிஞ்சியிருக்கக் கூடும்.

அதனால் இந்த வாரம் பெட்டியை இறக்கினால், சோப்பை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். எண்ணையும் பெயரையும் அப்படியே ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து, வீட்டில் ரெண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், அவர் எந்த வருஷம் லீவில் வந்தார், எந்த ஊரிலிருந்து கடிதம் போட்டார் என்றும் கேட்டு, அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.