கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதா? புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



டிரஸ்ட்டின் மடலில் கேமரா பேட்டரியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமது டிரஸ்ட் உதவிப் பொருட்கள் வழங்கும்போது, நன்கொடை தந்தவர்களுக்கும் தணிக்கைக்கும் காட்டுவதற்காகச் சில படங்கள் எடுத்து வைக்கிறோம். பெறுபவரின் முகம் தெரியக் கூடாது. டோக்கன் எண், பொருள், அதை வாங்கும் கை, இவ்வளவுதான் படத்தில் இருக்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. அதற்கென்றே அலுவலகத்தில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா இருக்கிறது. எல்லோரிடமும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். செல்போனில் எடுத்த படம் யார் கைக்கு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கேமராவின் மெமரி கார்டு அலுவலகப் பீரோவை விட்டு வெளியே போகாது.

சென்ற முறை விநியோகத்தின்போது பதினைந்தாவது படத்திலேயே கேமரா அணைந்துவிட்டது. வரிசையில் இன்னும் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்த தம்பி ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், தன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். அவசரத்தில் முகங்களும் விழுந்துவிட்டன. அன்று மாலைக்குள் அதில் ஒரு படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு சகோதரி தன் தாயாருடன் அலுவலகம் வந்தார். வெளியூரில் படிக்கும் மகனின் கண்ணில் அந்தப் படம் பட்டிருக்கிறது. "வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடலாமா பாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. படத்தை அழிக்கச் செய்தோம், மன்னிப்புக் கேட்டோம். ஆனால் ஒரு முறை பரவியதை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. அவருடைய சம்மதத்தின் பேரில், அடையாளம் தெரியாத வகையில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்தில், பழைய கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று யோசனை வந்தது. பொது நிதியானாலும் அது மக்கள் தந்த அமானிதம். கோளாறு எதில் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். பழுது பார்ப்பவரிடம் காட்டி, கையேட்டையும் எடுத்துப் படித்துப் பார்த்ததில், கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. குறை நாம் போட்ட செல்லிலும், நாம் அதைப் பயன்படுத்திய விதத்திலும்தான் இருந்தது. நம் மஹல்லாவில் பல வீடுகளில் சபரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த இதே போன்ற கேமராக்கள் "சார்ஜ் நிற்கவில்லை" என்று அலமாரியில் கிடக்கின்றன. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உங்கள் கேமரா எந்த வகை?

சிறிய டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த டபுள்-ஏ செல்லில் ஓடுவது. மற்றது, செல்போனில் இருப்பதைப் போன்ற தட்டையான லித்தியம்-அயான் பேட்டரியில் ஓடுவது. இரண்டுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

டபுள்-ஏ செல் கேமராக்கள்

கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண செல் ஜிங்க்-கார்பன் வகை. அது கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போதும், கேமராவுக்கு ஆகாது. அடுத்தது அல்கலைன். அது அவசரத்துக்கு உதவும், நீண்ட நேரம் தாங்காது. இங்கே ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். கேமரா "பேட்டரி காலி" என்று சொன்ன அதே அல்கலைன் செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். செல் முழுதாகக் காலியாகவில்லை. குடத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் வாய் குறுகலாக இருக்கிறது. கடிகாரத்துக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் போதும். கேமராவோ லென்ஸை நீட்டவும் ஃபிளாஷை ஏற்றவும் ஒரே மூச்சில் நிறையக் கேட்கிறது. அப்படிக் கேட்கும்போது செல்லின் வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறது, கேமரா அணைந்துவிடுகிறது. ஆகவே கேமராவிலிருந்து எடுத்த அல்கலைன் செல்லைக் குப்பையில் போடாதீர்கள். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் கொடுங்கள்.

இவ்வகைக் கேமராவுக்கு ஏற்றது சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல். செல்லின் மேல் என்ஐ-எம்எச் என்று ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக அச்சிட்டிருக்கும். இதன் வோல்டேஜ் 1.2தான், அல்கலைனுக்கு 1.5. எண்ணில் குறைவாகத் தெரிந்தாலும், கேமரா கேட்கும் அளவு மின்சாரத்தை இது சளைக்காமல் தரும். அதனால் அல்கலைனைவிடப் பல மடங்கு படங்கள் எடுக்க முடிகிறது. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம் என்பதால் செலவும் மிச்சம்.

இதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

முதலாவது, சேமித்த சார்ஜ் கசியாத ரகமா என்று பாருங்கள். பழைய ரகச் செல்கள் சார்ஜ் செய்து மேஜையில் வைத்திருந்தாலே சில வாரங்களில் கணிசமாக இறங்கிவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கசிவு மிகக் குறைந்த ரகத்தைக் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்கள் அதே ரகத்தைத் தயாரிக்கின்றன. எப்போதாவது ஒரு நாள் கேமராவை எடுப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

இரண்டாவது, செல்லில் அச்சிட்ட எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள். நல்ல டபுள்-ஏ செல் பெரும்பாலும் 1,900 முதல் 2,500 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். 3,000-க்கு மேல், 4,000-க்கு மேல் என்று போட்டிருந்தால் அது மிகைப்படுத்தல்.

மூன்றாவது, பழையதையும் புதியதையும், ஒரு வகையையும் மற்றொரு வகையையும் சேர்த்துப் போடக் கூடாது. நாங்கள் ஜோடி ஜோடியாக மார்க்கரால் "அ", "ஆ" என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு ஜோடி சேர்ந்தே சார்ஜ் ஆகும், சேர்ந்தே கேமராவுக்குள் போகும்.

நான்காவது, மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. அது "அல்கலைன்" என்று இருக்க, நாம் வேறு வகையைப் போட்டால், செல்லில் சார்ஜ் இருக்கும்போதே கேமரா தவறாகக் காலி என்று காட்டக்கூடும். எங்கள் கேமராவில் நடந்ததில் இதுவும் ஒன்று.

புதிய செல்கள் முதல் சில முறை சார்ஜ் ஆன பிறகே முழுத் திறனுக்கு வரும். முதல் நாளே குறை சொல்லிவிட வேண்டாம்.

லித்தியம்-அயான் பேட்டரிகள்

இவற்றுக்கு வயது ஒரு முக்கியக் காரணம். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல இவற்றின் கொள்ளளவு குறையும். வழக்கமாக 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு தளர்ச்சி நன்றாகத் தெரியும். எட்டு, பத்து ஆண்டு ஆன பேட்டரி இருபது படத்தில் அணைந்தால் அது கேமராவின் குற்றம் அல்ல.

"முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்", "முழுதும் தீர்ந்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும்" என்பதெல்லாம் பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரியை இடையில் எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் செய்யலாம். முற்றிலும் தீர்த்துப் பல மாதம் போட்டு வைப்பதுதான் அதைக் கெடுக்கும். நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜோடு கேமராவிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெப்பம்தான் இதற்குப் பெரிய எதிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவை விட்டுச் செல்லாதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், கழற்றும்போது இறுகலாக வந்தால், அதோடு அதன் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அதை அமுக்கவோ குத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது, தீப்பிடிக்கும்.

சார்ஜை மிச்சப்படுத்தும் பழக்கங்கள்

"பெட்டியில் 200 படம் என்று போட்டிருக்கிறதே, எனக்கு 80 கூட வரவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் பெரும்பாலும் ஜப்பானின் சிபா என்ற கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் அளவுகோல்படி எடுக்கப்படுவது. 23 டிகிரி வெப்பநிலையில், அரை நிமிடத்துக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ், பத்துப் படத்துக்கு ஒரு முறை அணைத்துப் போடுவது என்று அதற்கு முறை இருக்கிறது. நாமோ படம் எடுப்பதைவிட, எடுத்ததைத் திரையில் சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டுவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறோம். சார்ஜைத் தின்பதில் திரைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் எடுத்தவுடன் அது திரையில் நிற்கும் நேரத்தை இரண்டு விநாடியாக வையுங்கள். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடமாக்குங்கள். ஜன்னல் பக்கமாக மேஜையைப் போட்டால் ஃபிளாஷ் தேவைப்படாது. ஜூமை முன்னும் பின்னும் இழுப்பதற்குப் பதில் இரண்டு எட்டு முன்னே போய் எடுங்கள். வீடியோ அவசியமானால் மட்டும். படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கேமராவை இணைக்காமல், கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போடுங்கள்.

கோளாறு கேமராவிலா, செல்லிலா?

நல்ல செல்லை முழுதாகச் சார்ஜ் செய்து போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் பழைய செல்தான் காரணம். அப்போதும் ஓடவில்லை என்றால், செல் தொடும் உலோகத் தகடுகளைப் பாருங்கள். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அல்கலைன் செல் கசிந்து வெண்மையாகப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். அணைத்து வைத்த கேமராவிலும் ஓரிரு நாளில் சார்ஜ் இறங்கினாலோ, லென்ஸ் கரகரவென்று சத்தம் போட்டாலோ பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் திருப்புளி வைத்துத் திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கெபாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் தேங்கியிருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும்.

தேதி நினைவுக்காகச் சில கேமராக்களுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் சிறு பேட்டரி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உம்ரா, ஹஜ் செல்பவர்களுக்கு

உபரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் பெட்டியோடு போடக் கூடாது. கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். உலோக முனைகள் சாவி, நாணயம் போன்றவற்றில் உரசாதபடி டேப் ஒட்டியோ தனித்தனிக் கவரிலோ வையுங்கள். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. சிறிய கேமராப் பேட்டரி மூன்று, நான்கு வாட்-மணிதான் இருக்கும், ஆகவே கவலை வேண்டாம். அங்கே வெயிலில் பேட்டரியைப் பையின் உட்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்திருக்கும் ஏற்பாடு

புதுக் கேமரா வாங்கவில்லை. கசிவு குறைந்த ரகத்தில் இரண்டு ஜோடி செல்லும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் ஒன்றும் வாங்கினோம். விநியோகத்துக்கு முந்தைய இரவு சார்ஜ் செய்வது ஒருவர் பொறுப்பு. உபரி ஜோடி டோக்கன் பெட்டியில் இருக்கும். அதன் பிறகு நடந்த விநியோகம் முழுவதும் ஒரே ஜோடியில் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாகக் கையாள்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. அவற்றைக் குப்பையோடு கலக்கவோ எரிக்கவோ வேண்டாம். தீர்ந்த செல்களைப் போட அலுவலக வாசலில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். சேர்ந்ததும் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்போம், இன்ஷா அல்லாஹ். உப்பிய பேட்டரியை மட்டும் அதில் போடாமல் நேரில் கொண்டுவந்து தாருங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் கேமரா அணையலாம். அப்படி நேர்ந்தால் யாரும் செல்போனை எடுக்கக் கூடாது என்று குழு தீர்மானித்திருக்கிறது. நோட்டில் கையெழுத்து வாங்கினால் போதும். படம் இல்லாத கணக்கை நன்கொடையாளர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடலாம். மானத்தோடு வாங்க வந்தவரின் தலை குனிந்துவிட்டால் அதற்கு நம்மிடம் விளக்கம் இல்லை.

வஸ்ஸலாம்.

– செயலாளர்