பேச்சொலி ஆராயும் கழகத்தில் நமக்கும் ஓர் இடம்

வால், வாள், வாழ் என்னும் மூன்று சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இறுதி மெய் ஒன்றைத் தவிர வேறு மாற்றம் அவற்றில் இல்லை. எனினும், முதற்சொல் விலங்கின் உறுப்பையும், அடுத்தது படைக்கலத்தையும், மூன்றாவது உயிர் வாழ்தலையும் குறிக்கின்றன. நாவின் ஒரு சிறு வளைவு பொருளையே மாற்றிவிடுகிறது.

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தைகளுட் பலர் இம்மூன்றை இரண்டாக்கிப் பேசுகின்றனர். 'வாழ்' என்பது அவர்கள் வாயில் 'வாள்' ஆகிறது. இக்காலக் கன்னடத்தில் லகரமும் ளகரமும் உண்டு, ழகரம் இல்லை. ஆகவே, இது கன்னடத்தின் சாயல் என்று பெற்றோர் வருந்துகின்றனர். ஆனால், தமிழ்நாட்டிலேயே பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பதைக் கேட்கிறோம். அங்ஙனமாயின், இங்குள்ள மாற்றம் அண்டை மொழியால் வந்ததா, முன்னோர் ஊரிலிருந்தே உடன் கொணர்ந்ததா? பழிப்பதால் இதற்கு விடை கிடைக்காது. கேட்டு, பதிந்து, ஒப்பிட்டு ஆராய்ந்தாலன்றி உண்மை விளங்காது. அவ்வாறு ஆராய்வோர் கூடிய கழகங்கள் உலகில் உள்ளன. அவற்றில் நாமும் சேரலாம்.

அவற்றுள் மூத்தது அனைத்துலக ஒலியியற் கழகம். 1886இல் பாரிசு நகரில் பால் பாசி என்பவர் தலைமையில் மொழியாசிரியர்கள் சிலர் இதனைத் தொடங்கினர். பிற மொழியைப் பிழையின்றி ஒலிக்கக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 1888இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒலிக்குறிகளை வெளியிட்டனர். ஓரொலியை மாற்றினால் சொல்லின் பொருள் மாறுமாயின் அதற்குத் தனிக்குறி வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. கல், பகல், பங்கு என்னும் சொற்களில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. ஆயினும் அவ்வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. எனவே ஒரே எழுத்துப் போதுமாயிற்று. ல, ள, ழ ஆகியவற்றால் பொருள் மாறும். எனவே எழுத்தும் மூன்றாயின. எழுத்துகள் வாயில் எவ்விடத்தில், எம்முயற்சியால் பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்தார். அவர் தொட்ட பொருளை அறிஞர் இன்று கருவிகொண்டு தொடர்கின்றனர். காந்த அதிர்வுப் படக்கருவியால் தமிழின் ழகரம் முதலிய ஒலிகளில் நாவின் வடிவைக் கண்டறிந்த ஆய்வு ஒன்று, 1999இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

இருமொழிச் சூழலில் வாழ்வோர்க்கு இத்துறையில் ஒரு தனிவாய்ப்பு உண்டு. நம் மழை, கோழி, ஏழு என்பன கன்னடத்தில் மளெ, கோளி, ஏளு என வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது, பின்னர் மறைந்தது. நம் பாலும் புலியும் அங்கே ஹாலும் ஹுலியும் ஆயின. ஆனால், நாம் செவி, சேரி என்பவற்றைக் கன்னடர் கிவி, கேரி என்கின்றனர். இங்கே முந்திய ககரத்தைக் காத்தது கன்னடமே, மாற்றியது தமிழ். ஒன்றைத் தமிழ் காத்தது, மற்றொன்றைக் கன்னடம் காத்தது. சந்தையிலும் பேருந்திலும் இவ்விரு மொழிகளையும் நாள்தோறும் கேட்பவர், நூலகத்தில் மட்டும் கற்பவர் எளிதிற் பெறாத செவிப்பயிற்சியைப் பெறுகின்றனர்.

அனைத்துலகக் கழகத்தில் சேரப் பெரும்பட்டம் வேண்டுவதில்லை. ஒலியியலில் ஆர்வமுடைய எவரும் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம். கழகத்தின் பேரவையை உறுப்பினரே தேர்ந்தெடுக்கின்றனர். ஒலிக்குறிகளில் மாற்றம் செய்வது அப்பேரவையின் பொறுப்பு. நம் நாட்டில், 1928இல் லாகூரில் தோன்றிய இந்திய மொழியியல் கழகமும், 1971இல் கேரளத்தில் தோன்றிய திராவிட மொழியியல் கழகமும் உள்ளன. அருகே மைசூரில் 1969இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கிறது.

அனைத்துலகக் கழகத்தின் இதழில் ஒவ்வொரு மொழியின் ஒலியமைப்பையும் சில பக்கங்களில் விளக்கி வெளியிடும் வழக்கம் உண்டு. வடகாற்றும் கதிரவனும் போட்டியிட்ட சிறுகதையை அம்மொழியினர் ஒருவர் சொல்ல, அதனை ஒலிக்குறிகளில் எழுதிக் காட்டுவர். தமிழுக்கான விளக்கத்தை 2004இல் எலினார் கீன் எழுதினார். ஆயினும், ஒருவர் குரல் ஒரு மொழியின் எல்லாக் குரல்களும் ஆகாது. அல்சூரில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தின் தமிழும் தமிழே.

எனவே, இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டின் மூத்தோர், மக்கள், பெயரர் ஆகிய மூவரையும் அமைதியான அறையில் இருத்தி, அவர்கள் இசைவுடன் ஒரே கதையைச் சொல்லச் செய்து கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வால், வாள், வாழ், பல்லி, பள்ளி, அரை, அறை போன்ற சொற்களையும் சொல்லச் செய்யுங்கள். பேசுவோரின் வயது, பூர்விக ஊர், பெங்களூருக்கு வந்த ஆண்டு, அறிந்த மொழிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திப் பேசுமாறு மட்டும் சொல்லாதீர்கள். இயல்பாகப் பேசுவதே சான்றாகும்.

ஏட்டில் எழுதிய சொல் நெடுங்காலம் நிற்கும். பாட்டியார் ழகரம் சொல்லும் முறை அவரோடு மறையும். அதனைக் காப்பதற்கு அறிஞரின் கருவியும் வேண்டும். வீட்டாரின் அக்கறையும் வேண்டும். இவ்விரண்டும் கூடும் இடமே கழகம்.