கால் முளைத்த பீரங்கி

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கயத்தாற்றையும் கங்கைகொண்டானையும் விரைந்து கடந்து போகிற பிரயாணிகளுக்கு, அந்தப் பக்கத்துக் கரிசல் பூமி ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் என்ன பாடு படுத்தும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. தடத்தை விட்டுப் பாரவண்டி ஒன்று பத்தடி விலகினாலே போதும், சக்கரம் அச்சுவரை புதைந்துபோக, மாட்டை அவிழ்த்துவிட்டு ஆள் திரட்டப் போவதைத் தவிர வண்டிக்காரனுக்கு வேறு உபாயம் இராது. இந்தச் சீமையில்தான் 1801-ஆம் ஆண்டில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மேல் ஏவுவதற்காகத் தன் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு அலைந்தது. மார்ச் மாத இறுதியில் நடந்த முதல் தாக்குதல் தோற்றுப்போகவே, துணைப்படைகளும் மேலும் பீரங்கிகளும் வந்து சேரும்வரை காத்திருந்து, மே மாதம் 24-ஆம் தேதிதான் அது கோட்டையைப் பிடித்தது. அந்நாளில் சைன்யத்தின் வேகம் என்பது காலாளின் வேகமன்று. பீரங்கி இழுக்கும் மாட்டின் வேகமே சைன்யத்தின் வேகம்.

படையோடு பீரங்கியும் கூடவே போக வேண்டும் என்ற இந்தப் பழைய சங்கடம், டாங்கிகள் தோன்றிய பிறகு தீரவில்லை, முன்னிலும் பெரிதாயிற்று. ஜெர்மானியக் காலாட்படையினர் ‘எஸ்.ஐ.ஜி. 33’ என்னும் 150 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை வைத்திருந்தார்கள். 38 கிலோகிராம் எடையுள்ள குண்டைச் சுமார் 4.7 கிலோமீட்டர் தூரம் எறியவல்ல அது, எதிரி ஒளிந்திருக்கும் கட்டடத்தையும் மண்மேட்டையும் தகர்த்து வழி திறந்துவிடுவதில் மகா சமர்த்து. ஆனால் ஒன்றே முக்கால் டன் அளவுக்குக் கனத்த அதனைக் குதிரைகள் இழுத்துவர, கடைசித் தூரத்தை எதிரியின் துப்பாக்கிக்கு எதிரிலேயே வீரர்கள் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. 1939-இல் போலந்தில் டாங்கிகள் முன்னே பாய்ந்துபோக, இத்தகைய பீரங்கிகள் வெகுதூரம் பின்தங்கின.

அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் வெகு எளிது. அவசரத்தில் செய்தது என்பதும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். காலங்கடந்துபோன முதல் வகுப்பு ‘பான்சர்’ டாங்கியின் மேற்கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பீரங்கியை அதன் வண்டியோடும் சக்கரத்தோடும் அப்படியே தூக்கி மேலே வைத்து, மூன்று பக்கமும் மெல்லிய இரும்புத் தகட்டால் மறைப்புக் கட்டினார்கள். மேலே கூரை கிடையாது. 1940-இல் இவ்வாறு 38 வண்டிகள் செய்யப்பட்டுப் பிரான்ஸ் யுத்தத்துக்குப் போயின. ஆறு டன்னுக்கும் குறைந்த எடைக்கென வகுத்த அடிச்சட்டத்தின் மேல் எட்டரை டன் ஏறியதால், அவை அடிக்கடி பழுதாகி வழியில் நின்றன. அடுத்த முறை இரண்டாம் வகுப்பு டாங்கியின் அடிச்சட்டத்தை நீட்டி, பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூட்டி, பீரங்கியைத் தாழ இருத்தினார்கள். அவ்விதம் செய்த 12 வண்டிகள், நம் 4-ஆம் இந்திய டிவிஷனும் போரிட்ட வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு 1942-இல் சென்று, அங்கேயே அழிந்தன.

இந்த யந்திரத்தின் தத்துவத்தை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிடலாம். சக்கரம் தரையைத் தொடும் இடம் சிறியது. ஆகவே பாரம் முழுவதும் அங்கே குவிந்து மண்ணைப் பிளக்கிறது. சங்கிலிப் பட்டையோ தன் நீளம் முழுவதும் பாரத்தைப் பரப்பிவிடுவதால், சேற்றிலும் மணலிலும் புதையாமல் ஊர்ந்து செல்கிறது. பீரங்கி வெடிக்கும்போது பின்னால் உதைக்குமே, அந்த உதையை முதலில் எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் அடங்கிய உருளைகள் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சியதை, இழுத்துச் செல்லும் பீரங்கியில் தரையில் ஊன்றிய முளைகளும், தானே நகரும் பீரங்கியில் வண்டியின் கனமும் ஏற்கின்றன.

இதே உபாயத்தைத் தமிழ்நாட்டில் கையாண்ட இடம் ஆவடி. பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியின் வரைபடத்தைக் கொண்டு ‘விஜயந்தா’ டாங்கியை 1965 முதல் உருவாக்கி வந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருந்தது. சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய ‘எம்-46’ என்னும் 130 மில்லிமீட்டர் பீரங்கியோ ராணுவத்திடம் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. விஜயந்தாவின் மேற்கூண்டை நீக்கி, அடிச்சட்டத்தை நீட்டி, பக்கத்துக்கு ஒரு சக்கரத்தைக் கூட்டி, அந்த நெடுங்குழாய்ப் பீரங்கியை மேலேற்றி, வீரர்களின் தலைக்குமேல் பந்தல்போல் ஒரு தட்டைக் கூரையும் போட்டபோது ‘கேட்டபல்ட்’ பிறந்தது. 1980-களில் அது படையில் சேர்ந்தது. ஜெர்மானியர் போர் நெருக்கடியில் செய்ததை ஆவடியினர் சிக்கனத்தை முன்னிட்டுச் செய்தார்கள்; இரு சாராருக்கும் ஆதாரம், கையில் உள்ள இரண்டு பொருள்களை இணைத்து மூன்றாவதைப் பெறும் சாமர்த்தியமே.

அதனால் என்ன லாபம் என்பதை எம்-46-இன் பழைய நடைமுறையைப் பார்த்தால் அறியலாம். சுமார் ஏழே முக்கால் டன் கனமுள்ள அதை ஒரு லாரி இழுத்துவந்து நிறுத்தியதும், வீரர்கள் கொக்கியைக் கழற்ற வேண்டும். பிரயாணத்துக்காகப் பின்னுக்கு இழுத்துப் பூட்டியிருந்த குழாயை முன்னுக்குத் தள்ள வேண்டும். இரண்டு கால்களையும் விரித்து அவற்றின் முளைகளை மண்ணில் இறக்க வேண்டும். பிறகுதான் 33 கிலோகிராமுக்கு மேற்பட்ட குண்டை முதலில் குழாய்க்குள் செலுத்தி, மருந்து நிறைந்த பித்தளைக் கூட்டை அதன் பின்னே நுழைத்துச் சுட முடியும். சுட்டு முடித்தபின் இவ்வளவையும் தலைகீழாகச் செய்தாலொழிய இடம் பெயர முடியாது. அதற்குள் எதிரி சத்தத்தையும் புகையையும் கொண்டு இடத்தைக் கணித்துப் பதில் குண்டு அனுப்பிவிடுவான். கேட்டபல்ட்டோ சில குண்டுகளைச் சுட்டுவிட்டு, எஞ்சினை உறுமவைத்து நகர்ந்துவிடும். கங்கைகொண்டானில் நின்று சுட்டால் தாமிரபரணிக்கு அக்கரையில் குண்டு விழும். அந்தப் பீரங்கியின் வீச்சு சுமார் 27 கிலோமீட்டர்.

பிரதிகூலங்களும் உண்டு. டாங்கியின் மேற்கூண்டு நாற்புறமும் சுழலும். இங்கே குழாய் இடமும் வலமும் சிறிதளவே திரும்பும். அதற்கு மேல் குறி மாற வேண்டுமானால், நெல்லையப்பர் கோயில் தேரை ரத வீதியின் முடுக்கில் தடி போட்டுத் திருப்புவதைப்போல, முழு வண்டியையும் திருப்பியாக வேண்டும். பக்கங்கள் திறந்திருப்பதால் மழையும் வெயிலும் மட்டுமல்ல, அருகில் வெடிக்கும் குண்டின் சிதறல்களும் உள்ளே வரும். இந்தக் குறைகள் அறிந்தே பொறுத்துக்கொள்ளப்பட்டன. ஏனெனில் நேர்முகமாக எதிரியை முட்டுவது டாங்கியின் வேலை, பல மைல் பின்னிருந்து அதற்குத் துணை செய்வதே இதன் வேலை. பிற்காலத்தில் ‘அர்ஜுன்’ டாங்கியின் அடிச்சட்டத்திலும் இதே பீரங்கியை ஏற்றிப் பார்த்தார்கள்.

கொரிய நாட்டு வடிவத்தைத் தழுவிக் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டு, 2021-க்குள் நூறு வண்டிகள் ராணுவத்துக்கு வந்து சேர்ந்த ‘கே-9 வஜ்ரா’ இந்த ஒட்டு வேலையைக் கடந்த யந்திரம். அதில் 155 மில்லிமீட்டர் பீரங்கியும் வண்டியும் சுழலும் மூடிய கூண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுக்காக ஒன்று என வகுக்கப்பட்டவை. குடியரசு தின அணிவகுப்பில் அது உருண்டுவரும்போது, பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் டாங்கி என்றே சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கூண்டின் உயரத்தைக் கவனிக்கலாம். எதிரியின் கண்ணில் படாமலிருக்கத் தாழ்ந்து, முன்புறம் தடித்து இருப்பது டாங்கி. பெரிய குண்டுகளையும் அவற்றை ஏற்றும் யந்திரத்தையும் அடக்குவதற்காகப் பெட்டிபோல் உயர்ந்து, குழாயை வானோக்கி நிமிர்த்தும் வசதியோடு இருப்பது தானே நகரும் பீரங்கி. அதன் கவசம் சிதறலையும் துப்பாக்கித் தோட்டாவையும் தடுக்கும் அளவுக்கே அமைந்திருக்கிறது; டாங்கியின் குண்டுக்கு எதிரே நிற்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.