மழைக்கு விழிக்கும் கிழங்கு

நீலத் திராட்சைக் கொத்துப்போல நிமிர்ந்து நிற்கும் மஸ்காரிப் பூவைப் படத்தில் பார்த்து மயங்கி, கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வடசென்னைக் கொருக்குப்பேட்டையின் மாடித் தோட்டங்களுக்கு அது வேண்டாம். துருக்கி, காகசஸ் மலைப் பக்கத்துச் செடி அது. மண்ணுக்குள் இரண்டு மூன்று மாதம் நல்ல குளிரில் கிடந்த பிறகுதான் பூக்காம்பு எழும். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் வடசென்னையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

இந்த மாடிகளுக்கு ஏற்றது மழை லில்லி. செஃபிராந்தஸ் என்னும் பேரினம்; தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இதை எழுப்புவது குளிரல்ல, வறட்சிக்குப் பின் வரும் மழை. கிழங்கின் தடித்த அடுக்குகள் உண்மையில் இலைகளின் அடிப்பகுதிகள். நீரும் உணவும் அங்கேதான் சேமிப்பு. மண் காயும்போது இலை வளர்ச்சி தளரும், உள்ளே மொட்டு காத்திருக்கும். நல்ல மழையில் மண் ஊறியதும் காம்பு விறுவிறுவென நீண்டு, சில நாட்களில் பூத்துவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். ஆனால் ஒரே மழைக்குப் பல கிழங்குகள் சேர்ந்து விழிப்பதால் தொட்டியே நிறைந்துவிடும். அந்தக் காலைக்காகவே இதை வளர்க்கலாம்.

பலர் தவறுவது தண்ணீரில்தான். தினமும் ஊற்றினால் இலை புல்லாய் மண்டும், பூ குறையும். இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, பிறகு மண் முழுக்க நனைய ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள். தொட்டியில் தங்கிய உப்பையும் அது கழுவி இறக்கும்.

செம்மண், மணல், மக்கிய உரம் கலந்து, அடியில் துளையுள்ள அகலத் தொட்டியில், கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடவேண்டும். அரை நாள் வெயில் போதும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கிடைக்கிறது. பக்கக் கிழங்குகள் பெருகித் தொட்டி நெருங்கினால் பிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லியே கொடுங்கள். வெங்காயமும் இதுவும் ஒரே குடும்பம், தோற்றமும் ஏறக்குறைய சின்ன வெங்காயம்தான். ஆனால் இதில் லைகோரின் என்னும் நச்சு உண்டு. தின்றால் வாந்தி எடுக்கும். பிரித்த கிழங்குகளைச் சமையலறையில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.