ஹொக்கும் நம் மாத்திரையும்

கோவிற்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் ஜப்பானைக் கண்டவரல்லர்; ஆயினும் 1916-ஆம் ஆண்டு, புதுச்சேரியில் இருந்தவாறே சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்னுங் கட்டுரை வரைந்து, 'ஹொக்கு' என்னுங் குறும்பாட்டை நமக்கு அறிமுகஞ் செய்தார்.

இப்பாட்டு 5, 7, 5 என 17 அசை பெறும் என்பர். இவ்வசையை நம் நேர் நிரையென்று கொள்ளுதல் பொருந்தாது. அது மாத்திரையைச் சார்ந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னுமளவில் அது தொல்காப்பியர் கணக்கே. ஒற்றுக்கு நாம் அரை அளிக்க, அவர் முழுதும் அளிப்பர். 'ஹொக்கு' என்னும் பெயரே அவர்க்கு மூன்று. ஈற்றுக் குற்றியலுகரம் அரையாதலின் நமக்கு இரண்டே. ஆதலின், தமிழெழுத்தை எண்ணிப் பதினேழென மகிழ்தல் வீண் என்போம்.

பருவஞ் சுட்டுஞ் சொல்லொன்று அதில் வருதல் மரபு. இதுவே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. நம் பெரும்பொழுதன்றோ இது! சகுரா மலருக்கு ஏங்காது, கரிசற்காட்டில் வெடித்த பருத்தியை வைத்தே எம்மனோர் பாடலாம்.