ரோஜாவில் திடீர்னு ஒரு கிளை மட்டும் நெடுநெடுனு வளருதா? அடியைப் பாருங்க!

நர்சரியில் வாங்கிய ரோஜாவில் ஒரு கிளை மட்டும் வேகமாக உயர்ந்தால், அது எங்கிருந்து கிளம்புதுன்னு முதலில் பாருங்க. ஒட்டுச்செடியின் தண்டு அடியில் முடிச்சு போல ஒரு புடைப்பு இருக்கும். புதைந்திருந்தால் மண்ணை விலக்கணும்.

புடைப்புக்கு மேலே முளைத்தால் நல்ல துளிர். சிவப்பா இருந்தாலும் பயமில்லை, முற்றினால் பச்சையாகிடும். சுருண்டு, ஓரம் கருகியிருந்தால் இலைப்பேன் இருக்கலாம்; வெள்ளைத் தாள் மேல் தட்டினால் பொடிப்பூச்சிகள் ஓடும்.

கீழே முளைத்தால், அது ஒட்டுக்கட்டப் பயன்படுத்திய காட்டு ரோஜா. விட்டுவைத்தால் சத்தை இழுத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய ரகத்தையே ஓரங்கட்டிடும். ‘ஒரு காம்பில் 7 இலை இருந்தா காட்டுச்செடி’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல ரகங்களிலும் 7 வரும்.

மேலாகக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்க.