கூரை பறந்த நாளுக்கு முன்னும் பின்னும்

1988 ஏப்ரல் 28. ஹவாயின் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கிளம்பிய அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடியை எட்டியதும், அதன் முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நடைபாதையில் நின்றிருந்த பணிப்பெண் ஒருவரைக் காற்று வெளியே இழுத்துவிட்டது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. மற்ற 94 பேரும் மாவி தீவில் உயிரோடு இறங்கினார்கள்.

அந்த விமானத்துக்கு வயது 19. பறந்த நேரம் 35,496 மணி, அது பெரிதில்லை. ஏறி இறங்கிய தடவைதான் பெரிது: 89,680. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்கள். மேலேறும் ஒவ்வொரு தடவையும் உள்ளே அடைத்த காற்றில் உடல் லேசாகப் புடைக்கும், இறங்கினால் தளரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடும் இல்லையா, அதே கதைதான். தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போய், பாரமெல்லாம் ரிவிட்கள்மேல் விழுந்தது. ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விட்டது. 75,000 தடவைக்கென்று வடிவமைத்த உடல் எவ்வளவுதான் தாங்கும்?

விரிசலைச் சோதிக்க உத்தரவு இல்லாமல் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 1987-லேயே ஒன்று பிறப்பித்திருந்தது. ஆனால் போயிங் சோதிக்கச் சொன்ன இணைப்புகளில் ஒரு பகுதியை மட்டுமே அது கட்டாயமாக்கியது. அந்தச் சோதனையும் எப்படி நடந்தது? நடுராத்திரியில், சாரத்தில் ஏறி, கையில் விளக்கோடு விமானத்தின் முதுகில் நகர்ந்து, விழாமலிருக்க ஹேங்கர் உத்தரத்தில் கயிறு கட்டிக்கொண்டு, ரிவிட் ரிவிட்டாகப் பார்க்க வேண்டும். இரண்டாயிரமாவது ரிவிட்டில் கண் சொருகினால் அந்த ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய கண்ணை மட்டும் நம்பிய முறையைத்தான் குறை சொல்வேன்.

மாற்றம் அங்கேதான் வந்தது. ‘திரும்பத் திரும்பப் பார்’ என்றிருந்த உத்தரவு, ‘கழற்றி மாற்று’ என்றானது. அதே பசை முறையில் செய்த பழைய 737-களில் மேல்வரிசை ரிவிட்களை எடுத்துவிட்டு வேறு வகை ரிவிட் அடிக்கச் சொன்னார்கள். முதுமையடையும் விமானங்களுக்காகவே 1991-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2010-இல் வந்த விதிப்படி, பெரிய விமானங்களின் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை ஏற்ற இறக்கம், இத்தனை மணிநேரம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயணிகளோடு பறக்க முடியாது.

உத்தரவு வரும் வேகமும் கூடியிருக்கிறது. 2011 ஏப்ரல் 1 அன்று சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737 ஒன்றின் கூரை நடுவானில் கிழிந்தது. 60,000 தடவைக்கு முன் அந்த இடத்தைச் சோதிக்கத் தேவையிராது என்று போயிங் கருதியிருந்தது. 39,781-லேயே கிழிந்துவிட்டது. நான்கே நாளில் அவசர உத்தரவு: 30,000 தடவை தாண்டிய அந்த வகை விமானங்களைச் சுழல் மின்னோட்டக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் அந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். விமானத்தை வடிவமைத்த நாடு போடும் இத்தகைய உத்தரவு, இந்தியாவில் பதிவான விமானங்களையும் கட்டுப்படுத்தும்.

அலோஹா விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தால், உட்காரும் முன் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.